பெட்டிக்கு இடது பக்கம்

இந்த வீட்டில் இனிமேல் என் பேச்சுதான் எடுபடும் என்று நான் முடிவு செய்தேன். குளியலறையில் தாழ் போட்டுக்கொண்டு, குழாயைத் திறந்துவிட்டு, சத்தமாகவே முடிவு செய்தேன். முக்கியமான முடிவுகளை நான் அங்கேதான் எடுப்பது. தண்ணீர்ச் சத்தத்தில் வெளியே கேட்காது.

அந்தத் துணிச்சலைக் கொடுத்தது வெயில்.

நான் வானிலை நிலையத்தில் பார்வையாளன். நிலையம் என்றதும் பெரிய கட்டடத்தைக் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். எங்களுக்குக் கொடுத்திருக்கும் வீட்டின் பின்பக்கம் கம்பி வேலி போட்ட ஒரு புல்தரை. அதன் நடுவே நான்கு காலில் நிற்கும் வெள்ளை மரப்பெட்டி. காற்று உள்ளே போய்வர நாலா பக்கமும் சட்டம் அடித்திருக்கும். உள்ளே இரண்டு வெப்பமானிகள் படுத்திருக்கும். ஒன்று அன்றைய அதிகபட்ச வெப்பத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மற்றது குறைந்தபட்சத்தை. வீட்டுக்குள்ளும் இதே ஏற்பாடுதான். அதிகபட்சம் என் மனைவி. குறைந்தபட்சம் யார் என்பதை நான் வேறு சொல்ல வேண்டுமா?

போன மாதம் ஒரு நாள் வெயில் கொளுத்தித் தள்ளியது. நடந்தால் செருப்பு தார் ரோட்டோடு ஒட்டிக்கொண்டு வர மறுத்தது. மாலையில் பெட்டியைத் திறந்து பார்த்தேன். நாற்பத்தைந்து புள்ளி ஆறு! எனக்குத் தலை சுற்றியது. ஏனென்றால் எங்கள் வட்டாரத்தின் உச்ச வெப்பமே நாற்பத்தைந்து புள்ளி ஆறுதான். ஆற்றங்கரை நிலையத்துக்காரர் என்றைக்கோ பிடித்த சாதனை. அவரும் ஓய்வு பெற்றுப் போய்விட்டார். இப்போது பணியில் இருக்கிற ஒரே சாதனையாளன் நான்!

தலைமை அலுவலகத்தில் சாதனைப் பிரிவு என்று ஒன்று உண்டு. அதன் பொறுப்பாளர் நாற்காலி காலியாகக் கிடந்தது. என் அளவு சரிதான் என்று உறுதியானால் அந்த நாற்காலி எனக்கே என்று மேலிடத்திலிருந்தே காதில் போட்டுவிட்டார்கள். மேலே மின்விசிறி, பக்கத்தில் மணி. அடித்தால் ஆள் வருவான். நான் கூப்பிட்டு ஓர் ஆள் வருவது! என் இத்தனை வருட வாழ்க்கையில் அதை நான் பார்த்ததே இல்லை.

ஒரே ஒரு தடங்கல். சரிபார்க்க வரப்போவது மேடம்.

மேடம் என்றால் இலாகாவில் எல்லாருக்கும் பயம். அவர் கால் வைத்த இடத்தில் சாதனை பிழைத்ததாகச் சரித்திரம் இல்லை. மலையடிவார நிலையத்தில் ஒருவர் கடுங்குளிர்ச் சாதனை படைத்தார். மேடம் போய்ப் பார்த்து, முந்தின நாள் பெட்டியைக் கழுவிவிட்டு ஈரம் காயாமலே மூடியதைக் கண்டுபிடித்தார். இன்னொருவரின் உச்ச வெப்பம், பெட்டிக்குப் பக்கத்தில் புதிதாகப் போட்ட தகரக் கொட்டகையில் பட்டுத் தெறித்த வெயில் என்று தெரிந்தது. இரண்டு பேரும் இன்றுவரை நிமிர்ந்து நடப்பதில்லை.

மேடம் வருவதற்கு முந்தின நாள் மாலை, மனைவியிடம் பேச்சை எடுத்தேன். அவள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். மடியில் விடைத்தாள்கள், கையில் சிவப்புப் பேனா. நல்ல நேரம் இல்லைதான்.

"தலைமை அலுவலகத்துக்கு மாத்தல் வந்தா போயிடலாம்னு இருக்கேன்."

"யாரு?"

"நாம."

"நாமன்னா?"

"நானும் நீயும்."

"என்னைக் கேட்டீங்களா?"

"இப்பக் கேக்கறேன்ல?"

"இது கேக்கறது இல்ல. சொல்றது." ஒரு விடைத்தாளில் பெரிய வட்டமாகச் சுழித்தாள். "அடுத்த மாசம் நான் ஹெட்மிஸ்ட்ரஸ். ஆர்டர் கைக்கு வரப்போகுது. அதை விட்டுட்டு நீங்க மணி அடிச்சா யாரு வர்றாங்கன்னு பார்க்க நான் வரணுமா?"

மணி விஷயம் அவளுக்கு எப்படித் தெரியும்? குழாயை இன்னும் கொஞ்சம் திறந்து வைத்திருக்க வேண்டும்.

"ஒரு சாதனையாளனோட மனைவி பேசற பேச்சா இது?" என்றேன்.

"சாதனை வெயிலோடது. உங்களுக்கு என்ன வந்துது?"

"நான்தானே பார்த்தேன்?"

"வெயில் அடிச்சப்ப நீங்க ஃபேனுக்குக் கீழ தூங்கிட்டு இருந்தீங்க."

கோபம் தலைக்கேறியது. ஆனாலும் பொறுமையாக என் வேலையின் மகத்துவத்தை அவளுக்கு விளக்கினேன். வெப்பமானியைப் பார்ப்பது என்றால் கடிகாரத்தில் மணி பார்ப்பது போலவா? பாதரசத்தின் முனைக்கு நேர் எதிரே கண்ணை வைத்துப் பார்க்க வேண்டும். இப்படி அப்படிச் சாய்ந்தால் அளவும் சாய்ந்துவிடும். எல்லாம் சொன்னேன்.

அவள் பேனாவை மூடி வைத்தாள். "இடது பக்கமா சாஞ்சு பார்த்தா?"

"கம்மியாத் தெரியும்."

"அதையெல்லாம் அந்த மேடம் கண்டுபிடிப்பாங்களா?"

"மத்தவங்க கண்ணுல மண்ணைத் தூவிடலாம். இவங்ககிட்ட நடக்காது."

"அப்பச் சரி" என்று மறுபடி பேனாவைத் திறந்தாள்.

என் மேல் உள்ள அக்கறையில் கேட்கிறாள் என்று நெகிழ்ந்து போனேன். உள்ளபடியே கண் கலங்கியது.

இங்கே உங்களிடம் மட்டும் ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் நேராக நின்று பார்ப்பதில்லை. இடது பக்கம்தான் நிற்பேன். முதல் நாளிலிருந்தே அப்படித்தான்.

காரணம், பெட்டிக்கு வலது பக்கம் எங்கள் சமையலறை ஜன்னல். பள்ளியிலிருந்து வந்ததும் அவள் பச்சை நைட்டிக்கு மாறிவிடுவாள். மாலையில் நான் புல்தரையில் கால் வைக்கும்போது கொசுவலைக்குப் பின்னால் அந்தப் பச்சை தெரியும். பார்வையில் பட்டேனோ, தொலைந்தேன். குழாய் சொட்டும். மிக்சி மூடி திறக்காது. மேல் அலமாரியில் உள்ள டப்பா கீழே வர ஆசைப்படும். அதனால் பெட்டியை நடுவில் வைத்துக்கொண்டு இடது பக்கம் பதுங்கி, தலையை மட்டும் உள்ளே நுழைத்து அளவு பார்ப்பேன். பார்த்து முடித்தும் உள்ளே போகமாட்டேன். பச்சை மறையும்வரை அங்கேயே நின்று காற்றை ஆராய்ந்துகொண்டிருப்பேன். நிமிர்ந்து ஜன்னலைப் பார்க்கிற தைரியம் எனக்கு ஒரு நாளும் வந்ததில்லை. கடைக்கண்ணில் பச்சை பட்டால் போதும், கால் தானாக இடது பக்கம் போய்விடும்.

நாளைக்கு அப்படிப் போனால் என் கதி?

"நாளைக்குச் சாயங்காலம் சமையலறை ஜன்னலை மூடி வெச்சுடணும்" என்றேன்.

"ஏன்?"

"அடுப்புச் சூடு வெளிய வந்து பெட்டியில படுதும்பாங்க."

"அவ்வளவு தூரத்துக்கா?"

"ரூல்."

"சரி."

ஒரு மாலையில் இரண்டு 'சரி'. எங்கள் வீட்டில் இது ஆற்றங்கரைக்காரர் சாதனையையும் முறியடிக்கும் அளவு. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

மறுநாள் மாலை, நான் அளவு பார்க்கும் நேரத்துக்குச் சரியாக மேடம் வந்தார். குட்டையாக, ஒல்லியாக, கழுத்தில் கயிறு கட்டிய கண்ணாடி. தோளில் தொங்கிய பையில் அளவு நாடா, மட்டம் பார்க்கும் குமிழ்க்குழல், பஞ்சில் பொதிந்த இரண்டு வெப்பமானிகள். வணக்கம் சொன்னேன். அவர் பெட்டிக்கு வணக்கம் சொல்வது போல் அதன் முன் குனிந்தார்.

முதலில் பெட்டியின் உயரத்தை அளந்தார். சரி. மட்டம் பார்த்தார். சரி. வெள்ளைப் பெயிண்டை நகத்தால் சுரண்டினார். என் நெஞ்சையே சுரண்டுவது போல் இருந்தது. சரி. சுவர் எவ்வளவு தள்ளியிருக்கிறது, தரையில் எங்காவது சிமெண்ட் பூசியிருக்கிறதா, வேலிக்கு அந்தப் பக்கம் யாராவது குப்பை எரிக்கிறார்களா, ஒவ்வொன்றாகப் பார்த்தார். தன் வெப்பமானியையும் என்னுடையதையும் ஒரே வாளித் தண்ணீரில் முக்கி வைத்து, இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். அந்த நேரம் முழுக்க நான் மூச்சுவிட்டேனா என்று எனக்கே தெரியாது.

"கருவியில தப்பு இல்ல" என்றார்.

எனக்கு நாற்காலி தெரிந்தது. மின்விசிறி தெரிந்தது. மணிகூடக் கேட்டுவிட்டது.

"இங்க ஏன் புல்லு இல்ல?"

மணி நின்றது. மேடம் பெட்டிக்கு இடது பக்கம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பெட்டிக்கு நேர் எதிரே, பார்வையாளன் நிற்க வேண்டிய இடத்தில், புல் யாரும் மிதிக்காமல் தளதளவென்று வளர்ந்திருந்தது. இடது பக்கத்தில் இரண்டு பாதம் அளவுக்கு மொட்டை.

"எறும்பு, மேடம்" என்றேன்.

"எறும்பு செருப்பு போட்டுக்கிட்டு வருமா? ஹீல் அடையாளம் தெரியுதே."

என் செருப்பை மெல்லப் பின்னால் இழுத்துக்கொண்டேன்.

"சரி, பெட்டியில இப்பக் காட்டற அளவை நீங்க பார்த்துச் சொல்லுங்க. வழக்கமா எப்படிப் பார்ப்பீங்களோ அப்படி."

பல்லைக் கடித்துக்கொண்டு தளதளப் புல்லில் கால் வைத்தேன். நேராக நின்றேன். நிமிர்ந்து நின்றேன். கதவைத் திறந்தேன். பாதரசத்தின் முனைக்கு எதிரே கண்ணைக் கொண்டுபோனேன். இன்னும் ஒரு நொடி. அவ்வளவுதான்.

வலது கடைக்கண்ணில் பச்சை.

ஜன்னல் திறந்திருந்தது! மூடு என்று படித்துப் படித்துச் சொல்லியும் திறந்து வைத்துக்கொண்டு நிற்கிறாள்! மூளை 'அசையாதே' என்றது. கால் கேட்கவில்லை. மறுகணம் நான் மொட்டைத் தரையில் நின்று, தலையை மட்டும் பெட்டிக்குள் நுழைத்திருந்தேன்.

"நா... நாற்பத்தொண்ணு புள்ளி ரெண்டு, மேடம்."

மேடம் நேராக நின்று பார்த்தார். "நாற்பத்தொண்ணு புள்ளி நாலு."

பெட்டியின் கதவைச் சாத்திவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"அந்த உச்ச வெயில் அன்னிக்கு எங்க நின்னு பார்த்தீங்க சார்?"

"நேராத்தான், மேடம்."

"புல்லு அப்படிச் சொல்லலையே. நேரா நின்னீங்களா, சாஞ்சு நின்னீங்களான்னு தெரியாத அளவை என்னால ஏத்துக்க முடியாது. தள்ளிடுவேன்." பேனாவைத் திறந்தார். என் நாற்காலியின் நான்கு காலும் ஆடின. "ஆனா ஒண்ணு. எப்பவுமே இடது பக்கம்தான் நிப்பேன், அன்னிக்கும் அங்கதான் நின்னேன்னு நிரூபிச்சீங்கன்னா, குறைஞ்ச புள்ளி ரெண்டைக் கூட்டிக்கலாம். நாற்பத்தஞ்சு புள்ளி எட்டு. ஆற்றங்கரை ரெக்கார்டே விழுந்துடும்."

எனக்குக் காது அடைத்தது. சமன் இல்லை, தனிச் சாதனை! வட்டாரத்திலேயே நான் ஒருவன்!

"எப்பவும் அங்கதான் மேடம்! சத்தியமா!"

"ஏன்?"

"அது... பழக்கம்."

"பழக்கம்னா போதாது. ஒருத்தர் தினமும் தப்பான இடத்துல நிக்கணும்னா அழுத்தமான காரணம் இருக்கணும். சொல்லுங்க."

ஜன்னலை ஓரக்கண்ணால் பார்த்தேன். பச்சை அப்படியே நின்றது. சொன்னால் அவள் காதில் விழும். சொல்லாவிட்டால் நாற்காலி போகும். ஒரு பக்கம் மனைவி, ஒரு பக்கம் மணி. மேடம் பேனாவைத் தாளில் வைத்தார்.

"சொல்லிடறேன் மேடம்! என் வீட்டுக்காரிதான்!"

"அவங்க என்ன செஞ்சாங்க?"

"ஜன்னல்ல நின்னு பார்ப்பா."

"பார்த்தா?"

"கண்ணுல பட்டா வேலை வெச்சுடுவா மேடம். ஒண்ணு முடிஞ்சா இன்னொண்ணு. அதனால பெட்டிக்குப் பின்னால ஒளிஞ்சுக்குவேன்."

மேடம் எழுத ஆரம்பித்தார். "தினமுமா?"

"ஞாயித்துக்கிழமைகூட விட்டது இல்ல."

"உச்ச வெயில் அன்னிக்கு?"

"அன்னிக்கும்தான்! இதே ஜன்னல், இதே பச்சை நைட்டி. என் ரெண்டு கண்ணால பார்த்தேன்." அணை உடைந்துவிட்டது. இனி மறைக்க என்ன இருக்கிறது? வருடக்கணக்காகத் தொண்டையில் நின்றதெல்லாம் வெளியே வந்தது. "நீங்களே பாருங்க மேடம். ஜன்னலை மூடுன்னு சொன்னேன், மூடினாளா? இவ்வளவு சத்தமாப் பேசறேன், அசையறாளா? அந்த நிக்கற தோரணையைப் பாருங்க. அந்த முறைப்பைப் பாருங்க! இந்த முறைப்பை எதிர்ல வெச்சுக்கிட்டு எந்த மனுஷனால மேடம் நேரா நிக்க முடியும்?"

மேடம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஜன்னலைப் பார்த்தார். "அவங்களா உங்க மிசஸ்?"

"அவளேதான்!"

"நல்லாத் தெரியுமா?"

"தாலி கட்டின பொண்டாட்டியைத் தெரியாதா மேடம்?"

என் முதுகுக்குப் பின்னால் ஒரு குரல் கேட்டது.

"மேடம், ரொம்ப நேரமா வெயில்ல நிக்கறீங்க. ஜூஸ் எடுத்துக்கோங்க."

திரும்பினேன். கையில் தட்டுடன் என் மனைவி. பள்ளிக்கூடத்துக்குப் போட்டுக்கொண்டு போன அதே உடையில், முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லாமல் நின்றாள். மறுபடி ஜன்னலைப் பார்த்தேன். அங்கேயும் என் மனைவி. இங்கே பார்த்தேன். அங்கே பார்த்தேன். வாழ்க்கையில் முதல் தடவையாக அந்த ஜன்னலை நேருக்கு நேர் பார்த்தேன்.

பச்சை நைட்டிக்குத் தலை இல்லை. ஜன்னல் கம்பியில் ஹேங்கரில் தொங்கிக்கொண்டிருந்தது.

"அது என்னம்மா?" என்றார் மேடம்.

"நைட்டிதான் மேடம். ஒண்ணு வாங்கினா ஒண்ணு இலவசம்னு ரெண்டா வாங்கினது. ஒண்ணு உடுத்திக்க, ஒண்ணு அங்க மாட்டி வைக்க." அவள் குரலில் பதற்றமே இல்லை. "பரிட்சை ஹால்ல வெளிய போகணும்னா என் சால்வையை நாற்காலி மேல போட்டுட்டுப் போவேன். பசங்க தலையைத் திருப்ப மாட்டாங்க. இவருக்கும் அதே கணக்குதான். ஸ்கூல் விட்டு வந்தா எனக்குக் கொஞ்ச நேரம் ஹால்ல காலை நீட்டி உட்காரணும். இவர் உள்ள வந்தார்னா அதைக் கொண்டா, இதைக் கொண்டாம்பார். நைட்டியை மாட்டினா உள்ளயே வரமாட்டார். எடுத்தாத்தான் வருவார்."

"இவர் ஒளியறது உங்களுக்குத் தெரியுமா?"

"பெட்டிக்குக் கீழ ஆறு கால் தெரியும் மேடம். நாலுதான் பெட்டியோடது."

நான் குனிந்து என் கால்களைப் பார்த்துக்கொண்டேன். எனக்குப் பார்க்க வேறு எதுவும் மிச்சமில்லை. இவளுக்குப் பயந்து இத்தனை வருடம் புல்லைத் தேய்த்தேன். பயந்ததெல்லாம் ஒரு துணிக்கு!

ஆனாலும் நப்பாசை விடவில்லை. "அப்ப நான் இடது பக்கம் நின்னதுக்குச் சாட்சி கிடைச்சாச்சே மேடம்! புள்ளி ரெண்டைக் கூட்டிடலாமே?"

மேடம் ஜூஸைக் குடித்து முடித்தார். டம்ளரைத் தட்டில் வைத்தார். பேனாவால் என் அளவின் மேல் குறுக்காக ஒரு கோடு போட்டார்.

"நின்ன இடம் நிரூபணம் ஆயிடுச்சு சார். அதுல சந்தேகம் இல்ல. ஆனா தொங்கற நைட்டியைப் பொண்டாட்டின்னு ரெண்டு கண்ணாலயும் பார்த்தேன்னு சொன்னீங்க. அது முறைக்கறதையும் பார்த்தீங்க. அதே ரெண்டு கண்ணு பாதரசத்தைச் சரியாப் பார்த்திருக்கும்னு நான் எப்படிக் கையெழுத்து போடறது?"

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

அவர் போனதும் மனைவி மேல் பாய்ந்தேன். பாய்ந்தேன் என்றால், இரண்டடி தள்ளி நின்று குரலை உயர்த்தினேன்.

"ஜன்னலை மூடுன்னு சொன்னேன்ல?"

"மூடினா நைட்டி எப்படித் தெரியும்?"

"இது அநியாயம்! என் நாற்காலியே போச்சு!"

"என் நாற்காலி இருக்குல்ல?" என்று தட்டை என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனாள்.

நான்கு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தேன். ஐந்தாம் நாள் தொலைபேசி அடித்தது. மேடம்!

"சார், உங்களைத் தலைமை அலுவலகத்துக்கு வரச் சொல்லி உத்தரவு போட்டிருக்கேன்."

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. மேடமும் மனுஷிதானே, மனம் இளகிவிட்டார்! ரிசீவரைப் பொத்திக்கொண்டு உள்ளே பார்த்துக் கத்தினேன். "கேட்டியா? தலைமை அலுவலகத்துல கூப்பிட்டுட்டாங்க! இப்ப என்ன சொல்றே?"

"எதுக்குன்னு கேளுங்க" என்றாள் அவள், விடைத்தாளிலிருந்து தலையை நிமிர்த்தாமல்.

"எந்தப் பதவிக்கு மேடம்?"

"பதவியா? கண் டாக்டர்கிட்ட காட்டறதுக்கு சார். இங்கதான் அவர் இருக்கார்."

ரிசீவர் கையில் கனத்தது. "எ... என்னிக்கு வரணும் மேடம்?"

"உங்களுக்குத் தெரியாதா? வியாழக்கிழமை அவங்க ஸ்கூல் லீவாம், அன்னிக்கு நிம்மதியாக் காலை நீட்டி உட்காரணும்னு உங்க மிசஸ்தான் நாள் குறிச்சுக் குடுத்தாங்க. அன்னிக்குச் சாயங்காலமே திருப்பி அனுப்பிடச் சொன்னாங்க."